தலை முருகனுக்கு, வலதுகால் காளிக்கு

பிப்ரவரி 28, 1972, திங்கள்

வீடு வந்து சேர்ந்தேன். மூன்று நாள் ரயில், அப்புறம் பஸ், கடைசி இரண்டு மைல் நடை. தலையில் டிரங்குப் பெட்டி. ஊர் எல்லையில் மேளச் சத்தம் கேட்டது. யாருக்கோ கல்யாணம் போல என்று ஓரமாக ஒதுங்கி நின்றேன். மேளம் எனக்குத்தானாம்.

எல்லாம் பலவேசம் மாமாவின் ஏற்பாடு. என் தாய்மாமா, என் மனைவி வடிவின் அப்பா, யாரும் கேட்காமலே கருத்துச் சொல்லுகிறவர். என் கழுத்தில் மாலையைப் போட்டு, "நம்ம கொம்பையா பதினாலு நாள் சண்டையில ஆறு டாங்கியைப் பொசுக்கிட்டு வாராம்யா!" என்று கூவினார். நான் மறுத்துப் பேச வாயைத் திறந்தேன். யாரோ அதில் வாழைப்பழத்தைத் திணித்துவிட்டார்கள்.

கூட்டத்தில் ஒரு கிழவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சண்டைக்குப் போனவன் எளைச்சுல்லா வருவான்? இவன் தொப்பையோட வாரான்?"

"அது காத்துய்யா" என்றார் மாமா. "பீரங்கிச் சத்தத்துல காத்து உள்ள போயி அடைச்சிக்கிடும். டவுன் டாக்டரைக் கேட்டுப் பாரும்."

அம்மா வாசலில் நின்றாள். அழவில்லை. என்னை ஒருமுறை சுற்றி வந்தாள். காதைத் திருகிப் பார்த்தாள். பல்லை எண்ணினாள். விரல்களை எண்ணினாள், செருப்பைக் கழற்றச் சொல்லி கால்விரலையும் எண்ணினாள். சந்தையில் மாடு பிடிக்கிற ஆள்கூட இவ்வளவு பார்க்க மாட்டான். "எல்லாம் இருக்கு" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்தாள். தான் மட்டும் குடிக்கவில்லை. வயிறு சரியில்லையாம்.

டிசம்பர் மாதத்தைப் பற்றி இந்த டைரியில் எழுதுவதாக இல்லை. ராணுவ ரகசியம்.

பிப்ரவரி 29, செவ்வாய்

காலையில் சாமி படங்களுக்கு முன்னால் அம்மா என்னை உட்காரவைத்தாள். சுவரில் ஆணி, ஆணியில் கயிறு, கயிற்றில் மஞ்சள் துணி முடிச்சுகள். ஒவ்வொரு முடிச்சுக்குள்ளும் ஒரு காசு. வேண்டுதலுக்குக் காசு முடிந்துவைப்பது எல்லா வீட்டிலும் உண்டு. ஒன்று இருக்கும், மிஞ்சினால் இரண்டு. இங்கே ஒன்பது தொங்கியது.

"ஒம்பது தடவையா வேண்டுன?"

"ஒரே சாமிகிட்ட உன்னை முழுசா ஒப்படைச்சா, அது எத்தனை எடத்தைத்தான் பாக்கும்? அதுக்கும் ஆயிரம் சோலி இருக்கும்லா? அதான் பிரிச்சுக் குடுத்துட்டேன்."

பிரித்துக் கொடுத்தது என் உடம்பை. தலை திருச்செந்தூர் முருகனுக்கு. கண் இரண்டும் இருக்கன்குடி மாரியம்மனுக்கு. நாக்கு கரையடி மாடசாமிக்கு. கைகள் தெற்கூர் தர்காவுக்கு. முதுகு சங்கரன்கோவிலுக்கு. வயிறு குலதெய்வம் பேச்சியம்மனுக்கு. இடதுகால் பக்கத்து ஊர் அந்தோணியாருக்கு, வலதுகால் எங்கள் ஊர்க் காளிக்கு. எங்கள் பிரிகேடியர்கூட எல்லைக் கோட்டை இவ்வளவு பொறுப்பாகப் பங்கு வைத்திருக்க மாட்டார்.

"ஒன்பதாவது?"

அம்மா கயிற்றைத் தடவிப் பார்த்தாள். "அதா? அது மறந்துபோச்சு."

அம்மா மறக்கிற ஆள் இல்லை. பத்து வருடத்துக்கு முன் வடக்குத் தெருவில் இரவல் கொடுத்த உலக்கையை இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

லீவு முடிவதற்குள் எல்லாவற்றையும் நிறைவேற்றியாக வேண்டும். கடைசியில் வலதுகால். மார்ச் 28 காளியம்மன் பொங்கல், நான் பூக்குழி இறங்க வேண்டும். "ஒத்தைக் காலுக்குத்தானே வேண்டியிருக்கு, ஒத்தைக் காலால நொண்டிட்டுப் போயிரலாமா?" என்று கேட்டேன். தலையில் ஒரு குட்டு விழுந்தது. முருகனுக்கு ஒதுக்கிய தலை என்றும் பார்க்கவில்லை.

"பூக்குழி லேசுப்பட்டது இல்ல மருமவனே" என்றார் மாமா. "மனசுல பொய்யை வச்சிக்கிட்டு எறங்குனா சுட்டுப்புடும். முன்ன நம்ம தலையாரி எறங்கி மூணு மாசம் கட்டில்ல கெடந்தான். அப்புறம்லா தெரிஞ்சுது, கோயில் கெடாவைத் திருடித் தின்னவன் அவன்னு. உனக்கென்ன, நீ சுத்த வீரன். ஒம்பது டாங்கி!"

நேற்று ஆறாக இருந்தது. எனக்கு வியர்த்துவிட்டது. மாசி வெயில் என்று வைத்துக்கொள்வோம்.

மார்ச் 2, வியாழன்

திருச்செந்தூர். மொட்டை போட்டாயிற்று. மாமா எங்களோடு பஸ்ஸில் வந்தார். பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் என்னைக் காட்டினார். டாங்கி பதினொன்று.

அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள். "ஏலே, ஒரு டாங்கிக்குள்ள எத்தனை பேரு இருப்பான்?"

"நாலு பேரும்மா."

உதடு அசைந்தது, ஏதோ முணுமுணுத்தாள். எதற்குக் கேட்டாள் என்று தெரியவில்லை.

கோயில் வாசலில் எல்லோரும் டீ குடித்தோம். அம்மா வெந்நீர் வாங்கிக் குடித்தாள். "வயிறு இன்னுமா சரியாகல?" என்று வடிவிடம் கேட்டேன். "கார்த்திகையில இருந்தே அத்தை டீயைத் தொடல" என்றாள். ஒரு நாளைக்கு ஆறு டம்ளர் குடிக்கிறவள், சீனி குறைந்தால் கடைக்காரனின் பரம்பரையையே இழுக்கிறவள். டாக்டரிடம் போகலாம் என்றால் முறைக்கிறாள்.

மார்ச் 5, ஞாயிறு

நாக்குக்கான வேண்டுதல். காலை முதல் மாலை வரை மௌனம். மாமா பேசிக்கொண்டே இருந்தார், யாரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை. இந்த லீவில் நிம்மதியாக இருந்த ஒரே நாள்.

மார்ச் 7, செவ்வாய்

வடிவுக்குக் காய்ச்சல். இரவுச் சாப்பாட்டுக்கு வெங்காயம் நான் நறுக்கிக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தேன். வடிவு பாயில் எழுந்து உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முறத்தில் ஒரு குன்று வெங்காயம்.

"மூணு பேருக்கு எதுக்கு அத்தான் ரெண்டு படி வெங்காயம்?"

"கை பழக்கத்துல…" என்றேன். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அது மாடசாமி பொறுப்பில் இருக்கிற நாக்கு. இந்த நேரத்தில் காப்பாற்றியிருக்கலாம்.

"பட்டாளத்துல துப்பாக்கிக்குப் பதிலா அருவாமணை குடுத்தாங்களோ?" என்று கேட்டுவிட்டுப் போர்த்திக்கொண்டு படுத்தாள். போர்வைக்குள் குலுங்கினாள். காய்ச்சல் நடுக்கமாக இருக்கும்.

மார்ச் 9, வியாழன்

தெற்கூர் தர்கா. கைகளுக்கான நேர்ச்சை. லெப்பை பாத்தியா ஓதி, சர்க்கரையை என் இரண்டு உள்ளங்கையிலும் வைத்தார். அப்போது இடது முழங்கையில் உள்ள தழும்பைப் பார்த்துவிட்டார். பெரிய தழும்பு, வளைந்து அரைவட்டமாக இருக்கும்.

"குண்டு பட்டதா வாப்பா?"

நான் "சூடு" என்றேன். அது உண்மைதான். மாமா முந்திக்கொண்டார். "சூடுன்னா, டாங்கிச் சூடு! ஏறிக் குதிச்சு மூடியைத் தெறந்தாம்லா, அதுல பட்டது!"

லெப்பை என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் சர்க்கரையைத் துண்டில் முடிந்துகொண்டேன். டாங்கி பதினான்கு.

மார்ச் 11, சனி

நேற்று இருக்கன்குடி போய்க் கண்மலர் சாத்தினோம். இன்று பேச்சியம்மன் கோயிலில் வயிறு. மல்லாக்கப் படுக்கவைத்து, தொப்புளுக்கு மேல் ஈரத்துணி விரித்து, மாவிளக்கை வைத்து ஏற்றுவார்கள். திரி எரிந்து முடியும்வரை அசையக் கூடாது. என் வயிற்றில் மாவிளக்கு நிற்கவே மாட்டேன் என்றது. வைக்கிற பக்கமெல்லாம் சரிந்தது. பூசாரி மூன்று முறை வைத்துப் பார்த்துவிட்டு, "மேடு ரொம்ப ஒசரமா இருக்கே" என்றார். கடைசியில் இரண்டு பக்கமும் இரண்டு பேர் என் வயிற்றை அமுக்கிப் பிடித்துச் சமதளம் ஆக்கினார்கள். சிரித்துவிடக் கூடாது என்று மூச்சை அடக்கினேன். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

எல்லா முடிச்சும் அவிழ அவிழ அம்மா முகம் மலர வேண்டும் இல்லையா? வாடிக்கொண்டே போகிறது.

மார்ச் 14, செவ்வாய்

அந்தோணியார் கோயில். இடதுகாலுக்கு ஆள் உயர மெழுகுவத்தி. நல்லவேளை, மாமாவுக்கு இன்று பஞ்சாயத்துக் கூட்டம், வரவில்லை.

மாதா சிலை இருக்கிற கெபிக்குப் பக்கத்தில் இன்னொருவன் தன் உயரத்துக்கு மெழுகுவத்தியோடு நின்றான். கிராப்பைப் பார்த்ததுமே தெரிந்தது, பட்டாளத்தான். பெயர் தாவீது, இதே ஊர்க்காரன், என் ரெஜிமெண்ட், வேறு கம்பெனி. சண்டையில் முன்வரிசை. கம்பு ஊன்றி நின்றான். வலதுகாலில் இரண்டு விரல் இல்லை.

"எங்கம்மா உசுரு வேணும்னு மட்டும்தான் கேட்டா. வெரலைச் சேத்துச் சொல்ல மறந்துட்டா" என்றான். "ரெண்டு வெரல் அளவு மெழுகைக் கொறைச்சுக்கிடலாமான்னு பங்குச் சாமிகிட்ட கேட்டேன். ஏசிப்புட்டாரு."

நான் சிரித்தேன். சிரித்த உடனே வெட்கமாகிவிட்டது. அவன் மெழுகுவத்தியை ஏற்றிக்கொண்டே என் முழங்கையைப் பார்த்தான்.

"இது அண்டா விளிம்பு சுட்டது. எங்க லங்கர் சமையல்காரன் கையிலயும் இதே மாதிரி இருக்கு. நீ சமையல்தானே?"

சுற்றும்முற்றும் பார்த்தேன். அம்மா தூரத்தில் முழங்கால் போட்டிருந்தாள்.

"நாப்பது மைல் பின்னால, ரேஷன் முகாம்" என்றேன்.

அவன் முகம் மாறியது. "அப்ப டிசம்பர்ல எங்களுக்குச் சாப்பாட்டு லாரி அனுப்புனது?"

"நான்தான்."

"பத்தொம்பது நாளு!" என்று கத்தினான். கெபியில் செபம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பத்தொம்பது நாளு காலையிலயும் ராத்திரியும் பரங்கிக்காய்! குழிக்குள்ள படுத்துக்கிட்டு, ஒரு பக்கம் குண்டு, இன்னொரு பக்கம் பரங்கிக்காய்! அனுப்புன பய மட்டும் கையில கெடைச்சா என்ன செய்யணும்னு நாங்க ஒரு கம்பெனியே கூடிப் பேசி வச்சிருந்தோம் தெரியுமா?"

"பாலமெல்லாம் ஒடஞ்சு கெடந்துச்சு, லாரியில போக நாலு நாள் ஆவும். அழுகாத காய் அது ஒண்ணுதான்" என்றேன்.

கம்பை ஓங்கினான். பிறகு அந்தோணியாரைப் பார்த்துவிட்டு இறக்கினான்.

சரி, எழுதிவிடுகிறேன். நவம்பர் 23, செவ்வாய்க்கிழமை. மறுநாள் என் கம்பெனி எல்லைக்குக் கிளம்ப வேண்டும். சாப்பாட்டு வரிசையில் நின்றபோது, "இது பருப்பா, எருமை குளிச்ச தண்ணியா?" என்று தமிழில் முணுமுணுத்தேன். பின்னால் நின்ற சுபேதார் பஞ்சாபிக்காரர். ஆனால் எட்டு வருடம் நீலகிரி வெலிங்டனில் இருந்தவர். சமையல்காரனுக்கு மஞ்சள்காமாலை வேறு. "நாளையில இருந்து நீயே சமை" என்றார். தண்டனை. கம்பெனி போயிற்று. நான் பதினான்கு அண்டாக்களோடு பின்தங்கினேன். சண்டை முடிகிறவரைக்கும் என் துப்பாக்கி சாக்கு மூட்டைக்குப் பின்னால் கிடந்தது. என் கூடாரத்தில் என்னோடு படுத்த ஐந்து பேரில் இரண்டு பேர் திரும்பி வரவில்லை. அவர்கள் அம்மாக்களும் எங்கேயோ காசு முடிந்துதான் வைத்திருப்பார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் நான் வெங்காயம் நறுக்குகிறேன்.

நான் யாரிடமும் பொய் சொல்லவில்லை. மாமா சொன்னபோது சும்மா இருந்தேன். அவ்வளவுதான். ஆனால் பூக்குழிக்கு இந்த வித்தியாசம் தெரியுமா?

மார்ச் 16, வியாழன்

சங்கரன்கோவில். முதுகு. உருண்டேன். மற்றவர்கள் உருளுகிற பக்கம் உருள, நான் என் வயிறு இழுக்கிற பக்கம் போனேன். இரண்டு தடவை தூணில் முட்டினேன். முருகன் தலையைப் பார்த்துக்கொண்டார், வீக்கம் இல்லை.

மார்ச் 21, செவ்வாய்

காப்புக் கட்டிவிட்டார்கள். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. இனி தப்ப முடியாது. தப்புவதற்கு நேற்றுவரை பார்த்தேன். "உடனே திரும்பவும்" என்று யூனிட்டிலிருந்து தந்தி வந்ததாகச் சொல்லலாம் என்று தபால்காரரிடம் ஜாடையாகக் கேட்டேன். அவர் மாமாவிடமே போய், "உங்க மருமகனுக்குச் சண்டைக்குத் திரும்பிப் போக என்ன ஆவேசம்!" என்று சொல்லிவிட்டார். டாங்கி பதினேழு.

மாமா மைக் செட் பிடித்திருக்கிறார். பூக்குழி முடிந்ததும் மேடையில் நான் போர்க்கள அனுபவம் பேச வேண்டுமாம். பக்கத்து ஊர் வீரன் தாவீதுக்கும் அழைப்பு போயிருக்கிறது. நன்றாக இருக்கும். கால் வெந்து, மானமும் வெந்து, ஒரே மேடையில்.

ஒன்பதாவது முடிச்சுக்கு மாமா ஒரு யோசனை சொன்னார். "எந்தச் சாமின்னு தெரியலைன்னா எல்லாச் சாமிக்கும் பொதுவா ஒரு தேங்கா ஒடைச்சுருவோம்க்கா." அம்மா அவரைப் பார்த்த பார்வையில் தேங்காயே உடைந்திருக்கும்.

மார்ச் 25, சனி

பூக்குழி வெட்டுகிறார்கள். போய் நீளம் அளந்தேன். பன்னிரண்டு அடி. என் நடைக்கு ஆறு எட்டு. ஓடினால் நான்கு. ஓடக் கூடாதாம், ஓடினால் பயம் என்று அர்த்தமாம். சரியான அர்த்தம்தானே.

வடிவு தண்ணீர்க் குடத்தை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னாள். "அத்தான், எனக்கு வெங்காயத்தன்னைக்கே தெரியும். அத்தைகிட்டச் சொல்லிருங்க."

"சொன்னா, ஒன்பது சாமியையும் சும்மா தொந்தரவு பண்ணிட்டோமேன்னு ஒடஞ்சு போவாளே. ஊரெல்லாம் வீரனோட ஆத்தான்னு கும்பிடுது அவளை."

"அவங்க ராத்திரியில ஒறங்கல. கூரையைப் பாத்துக்கிட்டு ஏதோ எண்ணுதாங்க. நீங்க ஒறங்குதீய, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மார்ச் 27, திங்கள்

சொல்லிவிட்டேன்.

காலையில் அம்மா அடுப்படியில் எனக்கும் வடிவுக்கும் டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். நான் போய்த் தரையில் உட்கார்ந்தேன். சண்டை நடக்கிற இடத்தைக்கூட நான் பார்த்ததில்லை, பருப்பைக் குறை சொன்னதற்காகச் சமையலில் போட்டுவிட்டார்கள் என்று ஒரே மூச்சில் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டேன். அகப்பையால் ஒன்று விழும் என்று எதிர்பார்த்தேன்.

விழவில்லை. அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எத்தனை மைலு?"

"நாப்பது."

"குண்டுச் சத்தம் கேக்குமா?"

"காத்து நம்ம பக்கம் அடிச்சா லேசாக் கேக்கும்."

"டாங்கி?"

"ரயில்ல ஏத்திட்டுப் போறப்ப ஒண்ணு பாத்தேன். நம்ம டாங்கி."

அம்மாவின் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அப்ப நீ… உன் கையால… ஒருத்தரையும்?"

"பரங்கிக்காயைத் தவிர ஒண்ணையும் வெட்டலம்மா."

அம்மா எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்னைக்குலே உன்னை அடுப்படியில போட்டாங்க?"

"நவம்பர் இருபத்திமூணு. செவ்வாக்கெழம."

நேராகப் போய் ஒன்பதாவது முடிச்சை ஆணியிலிருந்து எடுத்தாள். அதை என் மடியில் போட்டுவிட்டு, சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை, இரண்டும் சேர்ந்து வந்தது.

"நீ எல்லைக்குப் போறேன்னு கடுதாசி வந்துச்சுலா, அதே கார்த்திகைச் செவ்வா, அன்னைக்குக் காளிகிட்ட போயி முடிஞ்சதுலே இது! உசுரையும் உடம்பையும் பிரிச்சு எட்டுச் சாமிகிட்ட குடுத்துட்டேன் தாயே, உங்கிட்ட இன்னொண்ணு கேக்குதேன். எம்புள்ளையை அடுப்படியில போடு. சோத்துப் பானையைச் சுத்தி நிக்கிறவனை யாரும் சுட மாட்டான், அவனும் யாரையும் சுட வேண்டியது இல்ல. இன்னொருத்தி புள்ளையைக் கொன்ன கையால எங்கிட்ட வந்து சோறு வாங்க வேண்டாம்னு கேட்டேன். பட்டாளத்தான் ஆத்தா கேக்குற கேள்வியா இது? வெளிய சொன்னா காறித் துப்ப மாட்டானா? அதான் மறந்துபோச்சுன்னேன்."

"அதுக்காகவா டீயை விட்ட?"

"அவ குடுத்தான்னு தெரியுதவரைக்கும் தொட மாட்டேன்னு சொன்னேன். நீ வந்த. ஒங்க மாமன் ஆறு டாங்கிங்கான். ஆறு நாலு இருவத்திநாலு. மறுநாளு ஒம்பதுங்கான். சரி, அவ குடுக்கல, இனி டீ கெடையாதுன்னு இருந்துட்டேன். பதினேழுன்னானே அன்னைக்கு, அறுவத்தெட்டு ஆத்தாமாரு என் தலமாட்டுல வந்து நின்னாளுகலே."

ஒரு மாதமாக அவளுக்குத் தெரியக்கூடாது என்று ஒளித்துவைத்தேன். அதைத்தான் அவள் அழுது அழுது கேட்டிருக்கிறாள். மடையன் நான்.

இப்போது யோசித்தால் காளியை நினைத்து மலைப்பாக இருக்கிறது. அத்தனை படை, அத்தனை பீரங்கி இருக்க, அவள் எங்கள் ஊர் பனையடிக்குளத்திலிருந்து வங்காள எல்லை வரைக்கும் போய் ஒரு பருப்பைக் கெடுத்திருக்கிறாள்.

இந்தாம்மா டீ என்று நீட்டினேன். தலையை ஆட்டினாள். "எம்மவன் அவன் கையாலயே ஊருக்குக் கூழ் காய்ச்சி ஊத்துவான்னு வேண்டியிருக்கேன். அது முடியட்டும்."

மார்ச் 28, செவ்வாய்

இறங்கினேன். நடந்தே போனேன், ஓடவில்லை. கரையேறிக் காலைத் திருப்பிப் பார்த்தேன். வலதுகால் பெருவிரலில் ஒரே ஒரு கொப்புளம். மாமாவின் பதினேழு டாங்கிக்கு என் காலில் ஒரு கொப்புளம் என்றால் காளி மலிவாகவே விட்டிருக்கிறாள்.

மேடையில் மைக்கைப் பிடித்தேன். சொல்லிவிட்டேன். "நான் சண்டை போடலை. டாங்கி எதையும் பொசுக்கலை. நாப்பது மைல் பின்னால சோறு பொங்குனேன்."

மாமா துள்ளி எழுந்து மைக்கைப் பறித்தார். "பாத்தீயளாய்யா அடக்கத்தை! ராணுவ ரகசியம், அப்படித்தான் சொல்லணும்! ரகசியத்தைக் காப்பாத்துதான்யா!" கைதட்டல் கோயில் மணியை அமுக்கிவிட்டது. ஒரு கிழவி வந்து எனக்குத் திருஷ்டி கழித்தாள். நான் மறுபடி மைக்கைப் பிடித்து, "சத்தியமா சமையல்தான்" என்றேன். இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

தாவீது கம்பை ஊன்றி மேடையேறினான். "அவரு சொல்லுதது நெசம்" என்றான். "நான் சாட்சி. பத்தொம்பது நாள் பரங்கிக்காய் தின்னவன்." அவன் குரலில் இருந்த கோபத்தைக் கேட்ட பிறகுதான் ஊர் நம்பியது. மாமா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"யக்கா, பதினேழு டாங்கியும் போச்சேக்கா" என்றார் அம்மாவிடம்.

"அதை நீயே பொசுக்குனதா வச்சுக்க" என்றாள் அம்மா. அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை.

மார்ச் 29, புதன்

விடிந்ததிலிருந்து கூழ். கோயில் அண்டா நான்கு. மாவைக் கரைத்து ஊற்றி, துடுப்பைப் பிடித்துக் கிண்ட ஆரம்பித்ததும் கை தானாக வேலை செய்தது. ஊர்ப் பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். "கட்டியே இல்லாம எப்படிக் கிண்டுதான் பாரு!" "கையைப் பாரு, கையை!" ஆறு டாங்கிக்குக் கிடைத்ததைவிட இந்த மரியாதை எனக்கு உடம்பில் ஒட்டியது. முந்நூறு பேருக்கு ஊற்றினேன். ஒரு கரண்டி மிஞ்சவில்லை, ஒருவருக்கும் குறையவில்லை.

தாவீது அவன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். சட்டியை நீட்டுவதற்கு முன் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தான்.

"பரங்கிக்காய் போடலையே?"

"தொட்டுக்கிட மாங்கா, மோர்மிளகா. அவ்வளவுதான்."

இரண்டாவது சட்டி கேட்டான். மூன்றாவதும் கேட்டான். வேண்டுதல் கதையைக் கேட்டுவிட்டு அவன் அம்மா என் அம்மாவிடம், "எனக்கு இப்படிக் கேக்கத் தோணலியே தாயி" என்றாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் வேப்பமரத்தடியில் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

மத்தியானம் ஒன்பதாவது முடிச்சை அவிழ்த்து, காசைக் காளி உண்டியலில் போட்டோம். அப்புறம் நான் டீ போட உட்கார்ந்தேன். அதில்தான் சிக்கல். நூற்றைம்பது பேருக்குக் குறைந்து எனக்கு டீ போடத் தெரியாது. ஒரு டம்ளருக்கு எவ்வளவு தூள் என்று கை கேட்கிறது. இரண்டு தடவை கசாயமாகிக் கொட்டினேன். வடிவு வாசற்படியில் உட்கார்ந்து சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் எடுத்துவிட்டது. மூன்றாவது தடவை சரியான நிறம் வந்தது. நுரை பொங்க ஆற்றி அம்மா கையில் கொடுத்தேன். கார்த்திகையிலிருந்து நான்கு மாதம்.

அம்மா காளி கோயில் இருக்கிற திசையைப் பார்த்தாள். டம்ளரை ஒருமுறை கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒரு வாய் குடித்தாள். நானும் வடிவும் மாமாவும் மூச்சுவிடாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"என்னலே பட்டாளத்துல சமைச்ச" என்றாள். "சீனி பத்தல."